மேட்டு மண் பள்ளம் சேரும் கணக்கு

வெளியூருக்குப் பேருந்தில் செல்லும்போது சன்னலோரம் உட்கார்ந்து சாலையைக் கவனித்திருக்கிறீர்களா? சிறிது தூரம் இரு பக்கமும் செம்மண் சுவர்கள் எழுந்து நிற்கின்றன. சாலை ஓர் அகழிக்குள் செல்வது போல் இருக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் அதே சாலை உயரமான கரையின் மேல் ஓடுகிறது. வயல்களும் தோப்புகளும் கீழே தெரிகின்றன. ஆனால் பேருந்து பெரிதாக ஏறியதாகவோ இறங்கியதாகவோ நமக்குத் தோன்றவில்லை. தரைதான் ஏறி இறங்கியது. சாலை தன் போக்கில் சென்றது.

பாரம் ஏற்றிய லாரி செங்குத்தான மேட்டில் திணறும். ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சாலைக்கு ஒரு சீரான மட்டம் கொடுக்கிறார்கள். மேட்டில் வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். எந்த மேட்டு மண் எந்தப் பள்ளத்துக்குப் போவது? எவ்வளவு தூரம் சுமப்பது? மண் போதாவிட்டால் எங்கே எடுப்பது? மிஞ்சினால் எங்கே கொட்டுவது? மண் விலையில்லாப் பொருள்போலத் தோன்றினாலும் அதை நகர்த்துவது விலையுள்ள வேலை. இந்தக் கணக்கில் தவறினால் பணம் மட்டுமல்ல, சாலையோரத்து நிலமும் வீணாகும்.

முதலில் மண்ணின் ஒரு விசித்திர குணத்தைப் பார்ப்போம். வீட்டுத் தோட்டத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். எடுத்த மண்ணையெல்லாம் அதே குழியில் தள்ளுங்கள். பெரும்பாலும் மண் மிஞ்சி, குழியின் மேல் ஒரு சிறு குன்று நிற்கும். வீடு கட்டுமுன் மனையில் குழி தோண்டி, மண் மிஞ்சுகிறதா என்று பெரியவர்கள் பார்ப்பார்களே, அதுவும் இதே சோதனைதான். தோண்டும்போது மண் கட்டிகளாக உடைகிறது. கட்டிகளுக்கிடையே காற்று புகுந்துகொள்கிறது. பூமியில் 100 கன மீட்டராக இருந்த சாதாரண மண், லாரியில் ஏறும்போது ஏறக்குறைய 125 கன மீட்டர் ஆகிவிடும். அதையே கரையில் பரப்பி, நீர் தெளித்து, ரோலரால் அழுத்தினால் 90 கன மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். பல்லாண்டுகளாக மழையிலும் வெயிலிலும் தானாக அடங்கியிருந்ததைவிட ரோலர் அதை இன்னும் நெருக்கிவிடுகிறது.

பாறையோ இதற்கு நேர்மாறு. வெடி வைத்துத் தகர்த்த பாறை ஒன்றரை மடங்காகிவிடும். பிறகு என்னதான் திமிசு போட்டு இடித்தாலும் பழைய கன அளவுக்குத் திரும்பாது.

ஆகவே "100 கன மீட்டர் மண்" என்று ஒருவர் சொன்னால், "எங்கே அளந்தது?" என்று உடனே கேட்க வேண்டும். பூமியிலா, லாரியிலா, கரையிலா? ஒப்பந்தக்காரருக்கும் பொறியாளருக்கும் எழும் சச்சரவுகளில் பல இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாததால் வருபவை. ஒரே மண்ணுக்கு மூன்று அளவுகள். எதற்குக் கூலி என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிலோமீட்டர் நீளச் சாலை. அதை 100 மீட்டர் துண்டுகளாகப் பத்தாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் வெட்ட வேண்டிய மண்ணைக் கூட்டல் குறியாலும், நிரப்ப வேண்டியதைக் கழித்தல் குறியாலும் எழுதுவோம். மண் சுருங்குவதைக் கணக்கில் சேர்த்துவிட்டோம் என்று கொள்ளுங்கள். கன மீட்டரில் எண்கள் இவை: +400, +900, +700, −300, −900, −800, −600, +200, +800, +500.

இப்போது சிறு வியாபாரி கல்லாப் பெட்டியில் இருப்பைக் கணக்கிடுவது போல, தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போவோம். 100 மீட்டரில் 400, 200-இல் 1300, 300-இல் 2000, 400-இல் 1700, 500-இல் 800, 600-இல் பூச்சியம், 700-இல் −600, 800-இல் −400, 900-இல் 400, கடைசியில் 900. சாலையின் நீளத்தைக் கிடைக்கோட்டிலும் இந்த இருப்பை நெடுக்கிலும் வைத்துக் கட்டத்தாளில் வரையுங்கள். முதலில் ஒரு குன்று, பிறகு ஒரு பள்ளம், கடைசியில் மேலே ஏறும் ஒரு வால். இதைத் தரையின் படம் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். இது மண்ணின் இருப்புப் படம். கோடு ஏறும் இடத்தில் மண் வெட்டுகிறார்கள். இறங்கும் இடத்தில் நிரப்புகிறார்கள்.

இந்தப் படம் என்ன சொல்கிறது? 300 மீட்டரில் ஒரு கம்பு நட்டு அங்கே காவல் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இடப்புறம் வெட்டிய மண் 2000 கன மீட்டர். அங்கே அதற்கு வேலை இல்லை. ஆகவே அவ்வளவும் உங்களைக் கடந்து வலப்புறம் சென்றாக வேண்டும். 500 மீட்டரில் நிற்பவரை 800 கன மீட்டர்தான் கடக்கும். 600-இல் நிற்பவருக்கு வேலையே இல்லை. ஒரு கூடை மண்கூட அவரைத் தாண்டாது. 700-இல் இருப்பு −600. அதாவது 600 கன மீட்டர் மண் எதிர்த்திசையில், வலமிருந்து இடமாக, அவரைக் கடக்கும். கோட்டின் உயரம், அந்த இடத்தைக் கடக்கும் மண்ணின் அளவு. மேலா கீழா என்பது அது செல்லும் திசை.

ஒரு கன மீட்டர் மண்ணை ஒரு மீட்டர் தூரம் நகர்த்துவதை ஓர் அலகு வேலை என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்கும் அடித்தளத்துக்கும் இடையே உள்ள பரப்புதான் மொத்தச் சுமப்பு வேலை! நம் குன்றின் பரப்பு 6,20,000 அலகு. சுமக்கும் மண் 2000 கன மீட்டர். வகுத்துப் பாருங்கள்: சராசரித் தூரம் 310 மீட்டர். வேலைத்தலத்தில் இந்தத் தூரத்தை 'லீடு' என்பார்கள். மண்ணைத் தூக்கும் உயரம் 'லிப்டு'. பொதுப்பணி விகிதப் பட்டியல்களில் 50 மீட்டர் லீடும் ஒன்றரை மீட்டர் லிப்டும் அடிப்படைக் கூலியில் அடங்குவது வழக்கம். அதற்கு மேல் போனால் கூலி கூடும். லீடு தெரிந்தால்தான் எந்த இயந்திரம் என்று முடிவு செய்யலாம். சில பத்து மீட்டருக்குப் புல்டோசர் தள்ளிவிடும். சில நூறு மீட்டர் என்றால் ஸ்கிரேப்பர். அதற்கும் அப்பால் டிப்பர் லாரிகள். ஒரு கிலோமீட்டர் தூரம் புல்டோசரால் மண் தள்ளுவது பாண்டுச் சட்டியில் ஏரியை இறைப்பது போல.

படத்தின் அடுத்த பகுதி, 600 முதல் 850 வரை, ஒரு பள்ளம். அதன் பரப்பு 90,000. ஆக மொத்தம் 7,10,000 அலகு வேலை. கடைசி 150 மீட்டரில் 900 கன மீட்டர் மண் மிஞ்சும்.

இதோ சுவாரசியமான இடம். அடித்தளக் கோட்டைப் பூச்சியத்தில்தான் வரைய வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அதை 900-க்கு உயர்த்துங்கள். இப்போது மிச்ச மண் 900 கன மீட்டரும் சாலையின் தொடக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. கடைசிப் பகுதி மண் முழுவதும் நடுப்பள்ளத்துக்கு வருகிறது. பரப்புகளை மீண்டும் அளந்தால் மொத்தம் 6,40,000. மண்வெட்டியைத் தொடாமலே 70,000 அலகு வேலை மிச்சம்! கோட்டை 500-இல் வைத்தால் இன்னும் குறைந்து ஏறக்குறைய 6,13,000 ஆகிறது. அப்போது 500 கன மீட்டர் தொடக்கத்திலும் 400 கன மீட்டர் முடிவிலும் கழிகிறது. இரு முனையிலும் கொட்ட இடம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். தாளில் வேலை குறைந்தாலும் எவர் வயலிலாவது கொட்ட முடியாது அல்லவா?

மிச்சமே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். 10 மீட்டர் அகலச் சாலையின் மட்டத்தை இந்த ஒரு கிலோமீட்டர் முழுவதும் 9 சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும். வெட்டு குறையும், நிரப்பு கூடும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 900 கன மீட்டர் சரியாகிவிடும். ஒரு சாண்கூட இல்லாத உயரம் இவ்வளவு மண்ணுக்கு ஈடாகிறது! ஆனால் பாலத்தின் மட்டம், பழைய சாலை வந்து சேரும் இடம், வெள்ளம் ஏறும் உயரம் இவையெல்லாம் பொறியாளரின் கையைக் கட்டிப்போடும்.

மண் போதாமல் போனால் பக்கத்து நிலத்தில் தோண்டி எடுப்பது பழைய வழக்கம். ரயில் பாதையின் ஓரமாக நீண்ட சதுரக் குட்டைகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, கரை போடத் தோண்டியவை. சில அல்லிக் குளமாக அழகாக இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பயிர் விளைந்த மேல்மண் போனது போனதுதான். தேங்கிய நீர் கொசுவுக்கு வீடாயிற்று. மிச்ச மண்ணுக்கு நல்ல வழி கண்டதும் உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாய்க்காக குலெப்ரா மலையைப் பிளந்தபோது கிடைத்த பாறையைக் கொண்டு, பசிபிக் முனையில் சில சிறு தீவுகளைக் கரையோடு இணைக்கும் பாதை போட்டார்கள்.

இந்தக் கேள்வியைக் கணிதமாக முதலில் எழுப்பியவர் பிரெஞ்சு அறிஞர் கஸ்பார் மோன்ஜ். 1781-ஆம் ஆண்டுக்குரிய அவருடைய கட்டுரையின் தலைப்பே வெட்டு மண்ணையும் நிரப்பு மண்ணையும் பற்றியதுதான். மண் செல்லும் இரு பாதைகள் ஒன்றையொன்று குறுக்கிடக் கூடாது என்று அவர் கண்டார். தாளில் இரு நேர்கோடுகளைக் குறுக்காக வரைந்து, முனைகளை மாற்றி இணைத்துப் பாருங்கள். மொத்த நீளம் குறையும். முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிது என்று வகுப்பில் படித்தது இங்கே பயன்படுகிறது. சாலையில் மண் ஏற்றிய லாரிகள் இரண்டு எதிரெதிரே கடந்து சென்றால், எங்கோ திட்டம் பிசகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மோன்ஜின் புதிர் நெடுங்காலம் முழுமையாக அவிழவில்லை. 1942-இல் சோவியத் கணித அறிஞர் லியோனிட் கண்டரோவிச் இதே வகைக் கேள்விக்குப் புது வழி கண்டார். வளங்களைப் பங்கிடுவது பற்றிய ஆய்வுக்காக 1975-இல் அவருக்கும் கூப்மன்ஸ் என்பவருக்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துறையில் உழைத்த விலானி 2010-லும் ஃபிகாலி 2018-லும் கணிதத்தின் உயர்ந்த பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்கள்.

நம் கட்டத்தாளுக்குத் திரும்புங்கள். அடித்தளக் கோட்டை 500-க்கும் 600-க்கும் இடையே மெல்ல நகர்த்தி, அது குன்றில் வெட்டும் நீளத்தையும் பள்ளத்தில் வெட்டும் நீளத்தையும் அளந்துகொண்டே வாருங்கள். இரண்டும் சமமாகும் இடத்தில் வேலை மிகக் குறைவாக இருக்கும். 580-க்கு மிக அருகில் உங்கள் கோடு நிற்கவேண்டும். ஏன் சமமாகும்போது என்பதற்கு ஒரு துப்பு: கோட்டை ஒரு மயிரிழை உயர்த்தினால் குன்றின் பரப்பு எவ்வளவு குறைகிறது, பள்ளத்தின் பரப்பு எவ்வளவு கூடுகிறது?