ஏரியும் ஊரின் நடுவிடமும்

மாணவர்களே, ஒரு சிற்றூரின் நடுவிடம் எது என்று கேட்டால், கோயில் என்பார் சிலர்; சாவடி என்பார் சிலர்; கடைத்தெரு என்பார் வேறு சிலர். தொண்டைமண்டலத்துச் சிற்றூர்களைப் பொறுத்தவரை, இம்மூன்றையும் நிலைபெறச் செய்தது ஏரியே என்று நான் கூறுவேன். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ‘ஏரி மாவட்டம்’ என்று அழைத்தது வீண்புகழ்ச்சி அன்று. ஆண்டு முழுதும் ஓடும் பேராறு இங்கே இல்லை. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களிற் கொட்டிவிட்டுப் போகும் நீரைத் தேக்கி வைத்தால்தான் பயிரும் உண்டு, ஊரும் உண்டு.

ஏரியின் அமைப்பு எளியது. நிலம் சரியும் திசைக்குக் குறுக்கே பிறைபோல ஒரு மண்கரை எழுப்புவார்கள். வரத்துக் கால்வாய் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும். மதகு வயலுக்கு நீரை அளந்து விடும். மிகுந்த நீர் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த ஏரியை நாடும். அம்பத்தூர் ஏரியின் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்வது இம்முறையினாலேதான். வகுப்பில் இப்படத்தை வரைந்து, “இவற்றுள் இன்றியமையாதது எது?” என்று வினவுவது என் வழக்கம். பெரும்பாலோர் ‘கரை’ என்பர். கண்ணிற் படாத வரத்துக் கால்வாயைச் சொல்லுவோர் மிகச் சிலரே.

இந்த அமைப்பைக் காப்பது தனியொருவரால் இயலாது. ஆகவே ஊர் கூடவேண்டியிருந்தது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ‘ஏரி வாரியம்’ என்றொரு குழுவைக் குறிப்பிடுகின்றன. தூர் வாரவும் கரையை உயர்த்தவும் குடிகள் ஒன்றுசேர்ந்த பணியைப் பிற்காலத்தார் ‘குடிமராமத்து’ என்றனர். பொதுவேலை இருந்தது, அதனால் பொதுவிடமும் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் பகுதி பெருமாறுதல் அடைந்தது. 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்மப் பாங்கான சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. 1961-இல் ஆவடியிற் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அடிகோலினார்கள். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவற்றால் பிழைத்தன. ஆலைகள் வந்ததைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் வயல்கள் மனைகளாயின. ஆயக்கட்டு மறைந்தபின் மதகைத் திறக்க ஆள் இல்லை. திறக்கத் தேவையும் இல்லை. பயன்கொள்வோர் இல்லாத பொருளுக்குக் காவலும் இல்லாது போயிற்று. கரையில் வீடுகளும் நீரிற் சாக்கடையும் புகுந்தன. முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்னும் பெயரிலேயே ஒரு குடியிருப்பு எழுந்தது.

நீர் தன் வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பரிற் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் அதே நகரம் குடிநீருக்குத் தவித்தது. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு கிடந்தது. நான்காண்டுக்குள் வெள்ளமும் வறட்சியும் வந்தன என்றால், குறை மழையில் மட்டும் இல்லை. தேக்கும் முறையிலும் இருக்கிறது.

இனி வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். அமெரிக்காவில் மெயின் மாநிலத்து அகஸ்டா நகரில், கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-இல் ஆலைகளுக்காக எட்வர்ட்ஸ் அணை கட்டப்பட்டது. ஆலைகள் ஓய்ந்தன. மீன்கள் ஆற்றில் ஏறிச் செல்ல அவ்வணை தடையாயிற்று. 1999-இல் அதை அகற்றினார்கள். மீன்கள் திரும்பின, ஆலை இருந்த இடம் மக்கள் கூடும் பூங்காவாயிற்று. அங்கே அணை போனதால் நலம் பிறந்தது. இங்கே ஏரி போனால் கேடு பிறக்கிறது. இது முரண் போலத் தோன்றும். ஆயினும் உண்மை ஒன்றே: காக்கவேண்டியது கல்லும் மண்ணும் மட்டும் அல்ல, நீரின் போக்கு. அதனோடு, பழைய பயன் நீங்கிய இடத்திற்கு மக்கள் புதியதொரு பயனைத் தேடித் தரவேண்டும்.

நம் பகுதியிலும் அம்முயற்சி தொடங்கியிருக்கிறது. ஆவடியில் ஏறத்தாழ 87 ஏக்கர்ப் பரப்புள்ள பருத்திப்பட்டு ஏரி சீர்செய்யப்பட்டு, 2019-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கழிவுநீரைத் தூய்மைசெய்யும் நிலையமும், கரையில் நடைபாதையும் அமைத்தார்கள். கொரட்டூரில் ஊர்மக்களே இயக்கமாகத் திரண்டு, ஏரியிற் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினார்கள். முன்னது அரசின் கை. பின்னது குடிகளின் கை. இரண்டும் சேர்ந்தால்தான் ஓசை எழும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நடைபாதையும் விளக்கும் ஏரிக்கு அணிகலன், உயிர் அல்ல. வரத்துக் கால்வாய் அடைபட்டால் எத்துணை அழகிய கரையும் வெற்றுக் குழியைச் சுற்றிய சுவரே. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. 2017-இற் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. சட்டம் எல்லைக்கல்லை நடும். அக்கல் பெயராமற் காப்பது ஊராரின் கண்.

மாணவர்களே, உங்களால் ஆவது ஒன்று உண்டு. ஒரு விடுமுறை நாளில் ஆசிரியரோடு உங்கள் ஊர் ஏரியைச் சுற்றி நடந்து, வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்று வரைபடம் எழுதுங்கள். கால்வாய் எந்தத் தெருவில் மறைகிறதோ அவ்விடத்தைக் குறியுங்கள். ஆண்டுதோறும் அடுத்த வகுப்பினர் அப்படத்தைச் சரிபார்க்கட்டும். படத்தின் ஒரு படியை ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ கொடுங்கள். வயலுக்கு நீர் பாய்ச்சிய தலைமுறை சென்றுவிட்டது; கிணற்றில் நீர் ஊறவேண்டும் என்று கருதும் தலைமுறை அதன் இடத்தை ஏற்கவேண்டும். அவ்வேலைக்காக நான்கு பேர் கூடும் இடமே ஊரின் நடுவிடம்.