படித்தீர்களா? வாய் திறந்து சொல்லுங்கள்!

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது நாவலூர். இன்று அங்கே மாடிமேல் மாடியாக வீடுகள். ஆனால், எதிர்வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது என்றுதான் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு வழி இருக்கிறது. "இப்போது என்ன புத்தகம் படிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

"அபிப்பிராயம் சொல்ல நான் என்ன பெரிய படிப்பாளியா?" என்று சிலர் கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம்!

கொன்றவர் யார்?

1950-ம் ஆண்டு 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை தொடங்கியது. 1954 வரை வெளிவந்தது. பல வீடுகளில் ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படித்து முடித்ததும் வாதம் தொடங்கிவிடும்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? நந்தினியா? பழுவேட்டரையரா? ஆளுக்கு ஒரு பதில்!

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் ஒரு கல்வெட்டு உண்டு. கொலைத் துரோகிகளின் சொத்து பறிக்கப்பட்டதை அது சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதனால், 2022-ல் திரைப்படம் வந்தபோதும் அதே வாதம் கிளம்பியது.

எப்படிச் சொல்வது?

"நன்றாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஏன் பிடித்தது? எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது? அதைச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். கதையின் முடிவை மட்டும் மறைத்துவிடுங்கள்!

அன்று, எழுத்தறியாத பாட்டியும் கதையைக் காதால் கேட்டே தீர்ப்புச் சொன்னாள். கண்ணால் படிக்கத் தெரிந்த நாம் வாய் மூடி இருக்கலாமா?