சான்றிதழ் மட்டும் போதுமா?

ஈப்போ, சிலிபின் வட்டாரத்தில் பட்டறைகளும் கிடங்குகளும் கடைவீடுகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஓரிடத்தில் வெல்டிங் பொறி பறக்கும். அடுத்த கதவுக்குள் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும். தோட்டங்களை விட்டு நகருக்கு வந்த நம்மவர் பலர் வேலை செய்வது இத்தகைய இடங்களில்தான். அங்கே தீப்பாதுகாப்பைக் கவனிப்பவர் உண்மையிலேயே தொழில் தெரிந்தவரா?

இக்கேள்வி இன்று சிறு முதலாளிகளுக்கும் உரியது. திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கக் கடமைப்படாத இடங்களிலும், 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். நடைமுறையில் தீ தொடர்பான பொறுப்பும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுகிறது. பெயருக்கு ஒருவரை நியமித்துவிட்டால் சட்டம் நிறைவேறலாம், உயிர்கள் காக்கப்படுமா?

இலண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடி 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் மாண்டனர். அக்கட்டடத்தின் தீ அபாயத்தை மதிப்பிட்டவர் தம் தகுதிகளையும் அனுபவத்தையும் மிகைப்படுத்தியிருந்தார், சில தகுதிகள் அவரே புனைந்தவை என 2024இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. நிர்வாகமோ அவரை முழுமையாக நம்பியிருந்தது. தீ பரவியதற்கு முதன்மைக் காரணம் வெளிச்சுவரில் பொருத்திய எரியக்கூடிய பலகைகளே. எனினும், சரிபார்க்காத நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

அப்படியானால் எப்படிச் சரிபார்ப்பது?

முதலாவதாக, சான்றிதழின் நகலைப் பார்த்துத் திருப்தியடையாமல், அதை வழங்கிய நிறுவனத்திடமே கேட்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி என்பவர் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எனவே அங்கே உறுதி செய்யலாம்.

இரண்டாவதாக, அனுபவத்தின் அளவை மட்டுமின்றி வகையையும் ஆராய வேண்டும். பத்தாண்டு தீயணைப்பாளராக இருந்தவர் தீயை அணைக்க வல்லவர். ஆனால் ஒரு கட்டடத்தின் குறைகளை முன்கூட்டியே கண்டறிவது வேறு திறன்.

மூன்றாவதாக, காரணம் கேட்க வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் தீப்பிடித்தால் ஏன் தண்ணீர் ஊற்றக்கூடாது? தண்ணீர் நொடியில் நீராவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசும் என்பது தெரிந்தவரின் விடை. உயரமான கட்டடத்தில் உலர்குழாய்க்கும் ஈரக்குழாய்க்கும் என்ன வேறுபாடு? நம் கட்டட விதிகளின்படி, தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து மேல்மாடி 18.3 மீட்டருக்கு மேல் 30.5 மீட்டருக்குள் இருந்தால் உலர்குழாய். அதையும் தாண்டினால் எப்போதும் நீர் நிரம்பிய ஈரக்குழாய்.

நான்காவதாக, நாற்காலியை விட்டு எழுந்து, அவரோடு கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். பூட்டிய அவசர வாசலையும், பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்த தீயணைப்புக் கலனையும், ஆப்பு வைத்துத் திறந்து வைத்த தீத்தடுப்புக் கதவையும் அவர் கண்கள் தாமாகக் கண்டுகொள்கின்றனவா? கரியமிலவாயுக் கலனைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் பொதுவாக அழுத்தமானி இருக்காது; எடை போட்டே குறைவை அறிய வேண்டும். முள்ளைத் தேடுபவர் ஏட்டறிவோடு நின்றுவிட்டவர்.

“இது எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்பவரை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். எல்லாம் தெரியும் என்பவரைவிட அவரே நம்பத்தக்கவர்.

1991 மே 7இல் சுங்கை பூலோ பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்ததை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. ஆள் தேர்வுக்கென்றே ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். நாளை நம்மில் சிலர் இப்பணிக்கு மனுச் செய்வோம். சிலர் ஆள் எடுக்கும் நாற்காலியில் அமர்வோம். எந்தப் பக்கம் அமர்ந்தாலும், தாளைப் பார்த்தபின் ஆளையும் பார்ப்போம்.