கண்ணைக் காப்போம் – 12: நரம்பு இளைப்பதைக் காட்டும் படம்

கண் அழுத்தம் அளப்பதைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். சொட்டு மருந்து போட்டு அழுத்தம் இறங்கிவிட்டால் பார்வை நரம்பை அரிக்கும் கிளாக்கோமா நோய் நின்றுவிட்டது என்று பலர் நிம்மதியடைகிறார்கள். ஆனால் அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே நரம்பு தேய்வதும் உண்டு. அதனால் நரம்பையே பார்த்தாக வேண்டும்.

பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. அழிந்த இழை திரும்ப முளைக்காது. இழைகள் குறையக் குறைய, நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டத்தின் நடுக்குழி அகலும். 1851-ல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்திய பிறகே, இந்தக் குழியை மருத்துவர்களால் கவனிக்க முடிந்தது. ஆனால் ஒரே குழியை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாக மதிப்பிடுவார்கள்.

இந்தக் குறையைப் போக்கியது ஓ.சி.டி. ஸ்கேன். அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் ஆகியோர் அடங்கிய குழு 1991-ல் இதை உலகுக்கு அறிவித்தது. அம்மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. அல்ட்ரா சவுண்டில் ஒலி எதிரொலித்துப் படமாகிறது; இதில் ஒளி. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. இன்றைய கருவிகள் சுமார் 5 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். தலைமுடித் தடிமனில் அது பத்தில் ஒரு பங்குகூட வராது.

இந்த ஸ்கேன் அளப்பது நரம்பைச் சுற்றியுள்ள இழைப் படலத்தின் தடிமனை. அது நலமான கண்ணில் சராசரியாக 90 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வரும். அந்த நிறம் உங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சொல்வது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவருக்கு நோய் இல்லாமலே சிவப்பு காட்டலாம். 110 மைக்ரானில் இருந்தவர் 95-க்கு இறங்கினாலும் பச்சையே காட்டலாம். அவர் இழந்ததோ 15 மைக்ரான்!

ஆகவே உங்கள் கண்ணை உங்கள் பழைய கண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். வயதாவதாலும் ஆண்டுக்கு அரை மைக்ரான் அளவு குறையும். கண் அசைந்தாலோ, புரை இருந்தாலோ அளவு சற்று மாறும். ஒரு முறை இரண்டு மூன்று மைக்ரான் குறைந்ததற்காகப் பதற வேண்டாம். அடுத்தடுத்த ஸ்கேன்களிலும் அதே இடத்தில் சரிவு தொடர்ந்தால், சிகிச்சையை மாற்றுவது பற்றி மருத்துவர் யோசிப்பார்.

இந்த ஸ்கேனுக்கும் ஓர் எல்லை உண்டு. படலம் 50 மைக்ரான் அருகே வந்துவிட்டால் அதற்குக் கீழே அநேகமாக இறங்காது. பிறகு நோயின் போக்கைச் சொல்ல, பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்தான் துணை. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

ஒரு வேண்டுகோள். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை நிலப் பத்திரம்போல் பாதுகாத்து வையுங்கள். முடிந்தவரை ஒரே வகைக் கருவியில் எடுங்கள். ஒரு கருவியின் அளவு இன்னொன்றோடு ஒத்துப்போகாது. மருத்துவரை மாற்றினாலும் பழைய ஃபைலை மறக்காமல் கொண்டுபோங்கள். உங்கள் நரம்பு முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல அந்தத் தாள்கள்தான் சாட்சி.