முளைக்கும் விதை

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் செம்பனையும் அன்னாசியும் மண்ணைப் பங்கிட்டுக்கொள்ளுமுன் பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு, உச்சிவெயிலில் ரப்பர்க்காய் படீரென்று வெடித்துக் கொட்டைகள் நெடுந்தூரம் தெறிக்கும் ஓசை இன்றும் காதில் நிற்கும். பிள்ளைகள் பொறுக்கித் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழன் தொடையில் வைத்தவை போக, மிச்சத்தில் முளைத்தவை மிகச் சில என்பதையும் அவர்கள் அறிவார்கள். 1889-ல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கில வைத்தியர், மார்புப் புற்றுநோயால் மாண்ட 735 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து, நோய் பரவுவது விதையை மாத்திரமன்று, அது விழும் நிலத்தையும் பொறுத்தது என்று எழுதியது இந்தத் தோட்டத்து ஞானத்தைத்தான்.

அவர் வாக்கின் கூர்மை, ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்றில் தெரிகிறது. உடல் கிடுகிடுவென்று வளரும் பிராயத்தில், பெரும்பாலும் முழங்காலை அடுத்து வீங்கும் நோய் அது. (பந்தாட்டத்தில் பட்ட அடியென்று எண்ணி எண்ணெய் விட்டு உருவும் நம்மவர் கைகளில் அன்புக்குக் குறைவில்லை, ஆனால் காரணம் தெரியாத வீக்கத்தை உருவலாகாது, படம் எடுத்துப் பார்க்கவேண்டும்.) 1970-களுக்கு முன், காலையே துண்டித்தும் ஐவரில் நால்வர் மாண்டார்கள், கத்தி வைக்குமுன்பே விதைகள் ரத்தத்தில் ஏறிச் சுவாசகோசத்தை அடைந்திருந்தன. பின்வந்த மருந்துகள் பத்தில் ஆறேழு பேரைப் பிழைக்கவைத்தாலும், சுவாசகோசத்தில் முளை கண்ணுக்குத் தெரிந்தபின் வருகிறவர்களிடம் அவற்றின் பலம் வெகுவாகக் குன்றிவிடுகிறது.

இங்கேதான் சந்த் கன்னா என்ற கால்நடை வைத்தியரின் ஆராய்ச்சி வாழ்வு என்னைக் கவர்கிறது. பெரிய ஜாதி நாய்களுக்கும் இதே நோய் இதே எலும்புகளில் வந்து, இதே சுவாசகோசத்துக்குப் பரவுகிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் இதற்கு இலக்காகும் பிள்ளைகள் சில நூறு பேர், நாய்களோ பல்லாயிரம். அங்குள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் லீ ஹெல்மன் முதலியோருடன் உழைத்த கன்னா, 2004-ல் எஸ்ரின் என்ற புரதத்தின் வேலையை வெளியிட்டார். சுவாசகோசத்தில் வந்திறங்கிய புற்றணுக்கள் முதல் சில நாட்களில் மடியாமல் தப்புவதற்கு அது துணைநிற்கிறது. எலிகளில் அதை ஒடுக்கியபோது பரவுதல் குறைந்தது. அது மிகுந்திருந்த நாய்களில் நோய் சீக்கிரம் பரவியது. பிள்ளைகளிடத்திலும் அதன் மிகுதி தீய குறியாகவே இருந்தது. கொட்டை தெறிப்பதைவிட, தெறித்தது பிழைப்பதே பெரிய காரியம் என்று இதற்குப் பொருள்கொள்ளலாம்.

ஆய்வுக்கூடத்தில் நோய் புகுத்திய பிராணிகளுக்குப் பதிலாக, எஜமானர்கள் கண்கலங்கிக் கொண்டுவரும் வீட்டு நாய்களை நோயாளிகளாகவே ஏற்றுப் புது மருந்துகளைச் சோதிக்கும் முறையையும் அவர் அங்கே நிறுவினார். நாயின் ஆயுள் குறுகியது, நோயும் விரைந்தோடுவது. பிள்ளைகளிடத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அறியவேண்டிய விடை, அதனிடம் மாதக்கணக்கில் கிடைத்துவிடுகிறது.