எந்த இயர்போன் உயர்ந்தது?

ஆர்மேச்சர்கள் எனும் நுண்ணொலிப்பான்கள் நான்கு ஒலியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஷூர் எஸ்.இ. 846-ஐயும், 7 மில்லிமீட்டர் சவ்வொன்றே அனைத்தையும் சுமக்கும் சென்ஹைசர் ஐ.இ. 800-ஐயும் மாறிமாறிச் செவியிலிட்டு, ஒன்றில் மந்தர ஸ்தாயி கம்பீரமாகவும் மற்றொன்றில் மெலிந்தும் ஒலிக்கக் கண்டு உடனே தீர்ப்புரைப்பவர், கருவியின் குணத்தையல்ல, அதன் முனை தம் செவித்துளையை அடைத்த விதத்தையே அளந்தவராதலும் கூடும். ஏனெனில், மூடிய சிறு வெளியிலுள்ள காற்றை அழுத்தியும் தளர்த்தியுமே இக்கருவிகள் தாழ்ந்த சுருதிகளை உண்டாக்குகின்றன. மயிரிழை இடுக்கிருப்பினும் அவ்வழுத்தம் கசிந்துபோக, மேல்ஸ்தாயி மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒலியளவும் வஞ்சிக்கும்: சத்தம் கூடக்கூட மந்தரம் செவிக்கு விகிதத்தை மீறிப் பெருகுமென்பதை 1933-இல் ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் காட்டினர். ஆகவே பொருந்தும் முனையைத் தேடி, இரண்டையும் ஒரே உரப்பில் வைத்த பின்னரே ஒப்பிடுதல் முறை. அதற்குரிய பொறுமை கடைக்காரரிடம் காண்பது அரிது.