ஏலத்தில் வீடு வாங்குவோர் அறிய வேண்டியவை

தோட்டத்து லயன் வீடு, வேலையிருக்கும் வரைதான் நமக்கு உரியது. ஓய்வு பெறும் நாளில் அதனைக் காலி செய்தாக வேண்டும். ஆதலால், சொந்த வீடு என்பது தோட்டப் பாட்டாளிகள் அனைவரின் நெடுநாள் விருப்பமாக உள்ளது. சந்தை விலை கைக்கு எட்டாத நிலையில், 'லெலோங்' எனப்படும் ஏல வீடுகளை நம்மில் பலர் நாடுகின்றனர். வாங்கித் தருவதாகக் கூறி முகவர்களும் முன்வருகின்றனர். அவர்களோடு எவ்வாறு நடந்துகொள்வது என்பதை நாம் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

ஏலம் ஏன் வருகிறது?

கடன் பெற்று வீடு வாங்கியவர் தவணை செலுத்தத் தவறினால், கடன் கொடுத்த வங்கி அவ்வீட்டை ஏலத்திற்குக் கொண்டு வருகிறது. தனிப்பட்டா உள்ள வீடாயின், உயர்நீதிமன்றத்தின் வழியாகவோ நில அலுவலகத்தின் வழியாகவோ ஏலம் நடைபெறும். பட்டா வெளிவராத அடுக்குமாடி வீடுகளை, உரிமம் பெற்ற ஏலக்காரரைக் கொண்டு வங்கியே விற்கும். ஒருமுறை விலைபோகாத வீட்டின் தொடக்க விலை, மறுமுறை பெரும்பாலும் 10 விழுக்காடு குறைக்கப்படும். மலிவுக்குக் காரணம் இதுவே.

முகவர் யார்?

ஏலத்தில் கலந்துகொள்ள முகவர் கட்டாயமில்லை. ஆயினும், அக்கம்பக்க விலையைக் கூறவும், பத்திரங்களை விளக்கவும் நல்ல முகவர் துணையாவார். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியத்தில் பதிவு பெற்றவரே சொத்து முகவராகத் தொழில் செய்யலாம். அவரிடம் பணிபுரியும் பேரப் பிரதிநிதி, 'ஆர்.இ.என்.' எனத் தொடங்கும் எண்ணுள்ள சிவப்பு அட்டையை அணிந்திருத்தல் வேண்டும். அந்த எண் மெய்யானதா என்பதை வாரியத்தின் பதிவேட்டில் நாம் சரிபார்த்துக்கொள்ளலாம். அட்டையைக் காட்டத் தயங்குபவரிடம் ஒரு காசும் கொடுத்தலாகாது.

கட்டணம் எவ்வளவு, எப்போது செலுத்த வேண்டும் என்பவற்றை முன்னரே எழுத்தில் பெறுதல் வேண்டும். ஏலம் நமக்குக் கிடைத்தால்தான் முகவருக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடைக்கும். "இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள்" என்று அவர் தூண்டக்கூடும். ஆகவே, நம் உச்ச வரம்பை வீட்டிலேயே குடும்பத்தாருடன் முடிவு செய்துகொண்டு செல்வதே அறிவுடைமை.

முன்பணத்தைக் காப்போம்

ஒரு வீட்டின் தொடக்க விலை 1,20,000 வெள்ளி எனக் கொள்வோம். ஏலத்திற்கு முன்பே 10 விழுக்காடு, அதாவது 12,000 வெள்ளிக்கு வங்கி வரைவோலை தேவை. அதனை விற்பனைப் பிரகடனத்தில் குறித்துள்ள பெயருக்கே எடுத்தல் வேண்டும். முகவர் பெயருக்கு எடுத்தலாகாது. ஏலம் கிடைக்காவிடில் வரைவோலை நம்மிடமே திரும்பும்.

1,30,000 வெள்ளிக்கு வீடு நமக்கே கிடைத்தது என்றால், பிரகடனத்தின் நிபந்தனைப்படி முன்பணத்தை 13,000 வெள்ளியாக நிரப்ப வேண்டியிருக்கலாம். எஞ்சிய தொகையை, நீதிமன்ற, நில அலுவலக ஏலங்களில் 120 நாள்களுக்குள் செலுத்த வேண்டும். வங்கியே நடத்தும் ஏலத்தில் தவணை பெரும்பாலும் 90 நாள்களே. அதற்குள் கடன் கிடைக்காவிடில், அந்த முன்பணமும் பறிபோகும். அது பல்லாண்டுகள் மரம் சீவிச் சேர்த்த பணமன்றோ! "கடன் உறுதியாகக் கிடைக்கும்" என்று முகவர் கூறுவது வங்கியின் உறுதிமொழி ஆகாது. வயது ஏற ஏறக் கடன் தவணைக் காலம் குறையும். மாதத் தவணை கூடும். ஆதலால், ஏலத்திற்கு முன்பே சம்பளச் சீட்டுகளுடன் நாமே வங்கிக்குச் சென்று விசாரித்தல் வேண்டும்.

பிரகடனத்தைப் படிப்போம்

ஏல வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது. பழைய உரிமையாளரோ வாடகைக்காரரோ அதில் குடியிருந்தால், அவரை வெளியேற்றும் பொறுப்பும் செலவும் நம்மையே சாரும். நிலவரி, மதிப்பீட்டு வரி, அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றின் பாக்கியை யார் செலுத்துவது என்பது பிரகடனத்தில் இருக்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலமா, பூமிபுத்ரா வீடா, மாநில அரசின் ஒப்புதல் தேவைப்படும் மலிவு விலை வீடா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். விளங்காத இடத்தை வழக்கறிஞரிடம் கேட்டறியலாம். முத்திரை வரியும் வழக்கறிஞர் கட்டணமும் தனிச் செலவாகும் என்பதையும் மறத்தலாகாது.

ஏலத்திற்கு முன் ஒருநாள் அவ்வீட்டிற்கே சென்று, கூரையையும் சுவரையும் கண்டு, அண்டை வீட்டாரிடம் நான்கு வார்த்தை பேசி வருவோம். முகவர் வழிகாட்டலாம், ஆயின் கையொப்பமும் பணமும் நம்முடையவை. அட்டையைச் சரிபார்த்து, பிரகடனத்தைப் படித்து, வங்கியின் பதிலைப் பெற்ற பின்னரே வரைவோலை எடுப்போம். உழைத்துச் சேர்த்த செல்வம் நம் குடும்பத்தின் நிழலாக நிலைக்கட்டும்.